மிச்சம் வைத்த மாத்திரை

பிரவீனா,

நீ குளிக்க வீட்டுக்கு வரும்போது நான் வார்டில் பாப்பாவோடு இருப்பேன். ரசம் அடுப்பு மேல் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

நேற்று டாக்டர் கேட்டாரே, "எப்பவும் குடுக்கிற மருந்துக்கு இந்தச் சீதபேதிக் கிருமி அடங்கல. வீட்டுல ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று. இல்லை என்றேன். அது பொய். போன வருஷம் நான் முழுசாகச் சாப்பிடாமல் வைத்திருந்த ஆன்டிபயாட்டிக்கை உடைத்து, பாப்பாவுக்கு இரண்டு நாள் கொடுத்தேன். மலத்தில் ரத்தம் நின்றதும் நிறுத்திவிட்டேன். மறுபடி வந்தபோது, உன் அக்கா வீட்டில் சாப்பிட்ட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றின் மேல் பழி போட்டேன்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்ட எடுத்துப் போகிறேன்.

ரூபேன்

பி.கு: இப்போதுதான் அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "பிள்ள ஏதாச்சும் சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.