ஆர்டித்தின் வோட்டு எங்கே?

லிங்கன், நெப்ராஸ்கா
நவம்பர் 11, 2022

ஆர்டித், என் கண்ணே,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இருநூற்றுத் தொண்ணூறு மைல், வழியெல்லாம் எதிர்க்காற்று. படுக்கை வசதியோடு பின்னால் கட்டியிருந்த கேம்பர் வண்டி முரட்டு மாடு மாதிரி இழுத்தடித்தது. சட்டமன்றத்துக்கு எதிர்த் தெருவில் நிறுத்தியிருக்கிறேன். நம் ஆட்கள் பதினேழு பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் கோல்பிதான் காபி வாங்கிக் கொடுத்தான். அவனை நீ பார்த்ததில்லை. ஒமாஹாக்காரன், நாற்பது வயது, இணையத்தில் தினமும் பேசுகிறவன். அறுபதாயிரம் பேர் கேட்கிறார்களாம். நான் கவர்னர் தேர்தலில் நிற்கிறேன் என்றதும் மற்றவர்கள் சிரித்தபோது சிரிக்காத ஒரே ஆள்.

இங்கே எந்தக் கடையில் நுழைந்தாலும் இடைக்காலத் தேர்தல் முடிவுதான் பேச்சு. செனட் யார் கைக்குப் போகும், வரும் வரும் என்ற குடியரசுக் கட்சி அலை ஏன் வரவில்லை என்று டிவியில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கத்தட்டும். மாநிலம் முழுக்க எனக்கு விழுந்தது 2,316 வோட்டு. வருத்தமில்லை. மேகத்தில் மருந்து தெளிக்கிற விமானத்தைத் தடை செய், வோட்டு எண்ணும் மிஷினை உடைத்துப் போடு என்று சொல்கிறவனுக்கு அதுவே அதிகம்.

ஆனால் நேற்று கோல்பி நம் சாவடியின் முடிவை எடுத்துக் காட்டினான். வெஸ்டர்லி சாவடி, மொத்தம் 38 வோட்டு. வெண்டல் ஸ்க்ராம்: 1.

ஒன்று, ஆர்டித். மற்ற முப்பத்தாறு பேரின் மாட்டையும் முப்பது வருடம் ஏலம் போட்டு விற்றுக் கொடுத்தவன் நான். நன்றி கெட்டவர்கள், போகட்டும். ஆனால் நாம் இரண்டு பேர். ஒன்றாகப் போனோம், ஒன்றாகப் போட்டோம். இரண்டு விழுந்த இடத்தில் ஒன்றுதான் எண்ணியிருக்கிறார்கள் என்றால் இன்னொன்றைத் தின்றது யார்? இது என் அபிப்பிராயம் இல்லை, கணக்கு. கோல்பி மேஜையைத் தட்டினான்: "இதுதான் தலைவரே நமக்கு வேணும்! உங்க சம்சாரத்தோட வோட்டையே திருடியிருக்கானுங்க. இனிமே எவன் வாயைத் திறப்பான்?"

போன்களைத் தொடாதே, ஒட்டுக் கேட்பார்கள். கொட்டகையில் பழைய ஃப்ரீசருக்குள்ளேயே கிடக்கட்டும். வீட்டு லைனை வசந்தத்திலேயே வெட்டச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, பார். கடிதம்தான் பத்திரம். வாசலில் டேரில் காவலுக்கு இருப்பான். நம் கூட்டத்துப் பையன்தான், பயப்படாதே.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
வெண்டல்

*

வெஸ்டர்லி
நவம்பர் 15, 2022

அன்புள்ள வெண்டல்,

கடிதம் கிடைத்தது. ரத்த அழுத்த மாத்திரை நீலப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இருக்கிறது. நீ தேடியிருக்கக்கூட மாட்டாய் என்று தெரியும், அதனால் முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

இங்கே ஆறு அங்குலம் பனி. டேரில் விடிவதற்கு முன்பே வந்து கேட்டுக்குக் குறுக்காகத் தன் பிக்கப்பை நிறுத்திவிடுகிறான். நான் கடைக்குப் போனால் பின்னாலேயே வருகிறான். தபாலாபீஸில் வரிசையில் என் முதுகுக்குப் பின்னால் நின்றான். "என்ன டேரில், ஸ்டாம்பு வாங்கக்கூடத் துணை வேணுமா?" என்றேன். "தலைவர் சொல்லிட்டுப் போயிருக்காரு மேடம், உங்களைத் தனியா விடக்கூடாதுன்னு" என்றான். உன்னைத் தலைவர் என்று கூப்பிட வேண்டும் என்று நீ சொன்னாயா, அவனாகவே ஆரம்பித்தானா?

முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வருகிறார்கள். கோல்பி என் பெயரைச் சொல்லிப் பேசுகிறானாமே. நேற்று ஒரு பெண்மணி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு பானை சில்லிக் கறியும் ஒரு தட்டு சின்னமன் ரோலும் கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வோட்டைப் போய் எடுத்துக்கிட்டானுங்களே, பாவிங்க" என்று அழுதாள். நான் என்ன சொல்ல? காபி கொடுத்தேன். ஃப்ரீசரில் இனி இடமில்லை, வந்தவர்கள் சுட்டுக் கொண்டுவந்த கேசரோல் மட்டும் ஏழு தட்டு. துக்கம் கேட்கிற மாதிரிதான் வருகிறார்கள். இந்த வீட்டில் செத்தது யார் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

டுவைலா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சர்ச் கோரஸில் முப்பத்தொரு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. கவுண்டியின் தேர்தல் அதிகாரி என்பதால் டேரில் கேட்டைத் திறக்கவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். திரும்பிப் போய்விட்டாள்.

டென்வரிலிருந்து ஜோலீன் ஒன்றும் எழுதவில்லை. பெற்ற பெண் எப்படிக் கூப்பிடுவாள், லைன் இருந்தால்தானே.

ஒரே ஒரு வோட்டு, வெண்டல். அது இருந்தாலும் 2,317. 24ஆம் தேதி நன்றி நாள் விருந்துக்கு வீட்டுக்கு வந்துவிடேன். வான்கோழிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், சின்னதாக.

அன்புடன்,
ஆர்டித்

*

லிங்கன்
நவம்பர் 19, 2022

ஆர்டித், என் வீராங்கனையே,

சும்மா சொல்லவில்லை, இங்கே எல்லாரும் உன்னை அப்படித்தான் சொல்கிறார்கள். பதினேழு பேர் முந்நூறு பேர் ஆகிவிட்டார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அட்டைகள்: "ஆர்டித்தின் வோட்டு எங்கே?" பனியனில்கூட அச்சடித்துவிட்டார்கள். நம் கல்யாணப் படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டியெடுத்து ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மேடையில் வைத்திருக்கிறான் கோல்பி. உன் தோளில் என் விரல் இரண்டு மட்டும் தெரிகிறது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். வோட்டைப் பற்றி நேராக ஒரு வார்த்தை இல்லை. "பயந்துபோய் எழுதலை, தலைவரே" என்கிறான் கோல்பி. அப்படித்தான் இருக்கும்.

இதோடு ஒரு பிரமாணப் பத்திரம் வைத்திருக்கிறேன். நான்கே வரி. நீ என் பெயருக்கு நேராகத்தான் குறியிட்டாய் என்று கடவுள் சாட்சியாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். வங்கிக்குப் போய் நோட்டரியின் முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி அனுப்பு. டிசம்பர் 5 திங்கட்கிழமை மாநிலக் குழு முடிவுகளை உறுதி செய்கிறது. அதற்குள் உன் சத்தியம் என் கையில் இருக்க வேண்டும். இருந்தால் டுவைலா ஜெயிலுக்குப் போவாள். எனக்கு மட்டும் ஆசையா? அவள் சுட்ட பீச் பழக் கேக்கை நானும்தான் தின்றிருக்கிறேன்.

நன்றி நாளுக்கு வர முடியாது. நம்மை நம்பி இத்தனை பேர் குளிரில் நிற்கும்போது நான் மட்டும் வான்கோழி தின்னப் போவதா? வண்டிச் சாவியும் கோல்பியிடம்தான் இருக்கிறது, பத்திரத்துக்காக. மாத்திரை கிடைத்தது.

உன்,
வெண்டல்

*

வெஸ்டர்லி
நவம்பர் 26, 2022

அன்புள்ள வெண்டல்,

நன்றி நாளில் மேஜையில் நான் ஒருத்திதான். ஒரு தட்டு நிறைய எடுத்துப்போய் டேரிலுக்கு அவன் வண்டியிலேயே கொடுத்தேன். "நல்லா இருக்கு மேடம்" என்றான். அந்த நாளில் நான் கேட்ட மனிதக் குரல் அது மட்டும்தான்.

அதற்கு முந்தின நாள் கடையில் டுவைலாவைப் பார்த்தேன். டேரில் காபி ஊற்றப் போயிருந்தான். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். மைதா அலமாரியைப் பார்த்தபடியே பேசினாள்.

"தபால்பெட்டி மேல காரை ஏத்திட்டாங்க, ஆர்டித். அது போகட்டும். அம்மா இருக்கிற முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு, உம் பொண்ணு திருடின்னு அம்மாகிட்டயே சொல்லியிருக்காங்க. அது அன்னிலேர்ந்து என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குது."

"டுவைலா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதே. நீ யாருக்குப் போட்டேன்னு நான் கேட்க மாட்டேன். கேட்கிற உரிமை எனக்குக் கிடையாது, யாருக்குமே கிடையாது. என் வேலை போனாலும் கேட்க மாட்டேன்." அதற்குள் டேரில் வருவது தெரிந்தது. உடனே குரலை உயர்த்தினாள்: "முட்டை விலையைப் பாத்தியா, நாலு டாலராம்! கோழி என்ன பொன்னாவா போடுது?"

அவள் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன், வெண்டல். அவள் கேட்காததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் உனக்குப் போடவில்லை.

வேறு யாருக்கும் போடவில்லை. கவர்னர் பதவிக்கான இடத்தில் குறியே இடாமல் மற்றதையெல்லாம் நிரப்பிக் கொடுத்தேன். உனக்கு எதிராகப் போட மனம் வரவில்லை. உனக்குப் போடக் கை வரவில்லை. நீ தோற்பாய் என்பதற்காக இல்லை. இன்னும் ஒரு வோட்டு கிடைத்தால் இன்னும் நான்கு வருடம் இதையே பேசுவாயே என்ற பயம்.

ஏலக்கூடத்தை மூடின நாளிலிருந்து மூன்று வருடமாக நம் சமையலறையில் மேகத்தையும் மிஷினையும் தவிர வேறு பேச்சு இல்லை. நீ லைனை வெட்டச் சொன்னாய், நான் வாயைத் திறக்கவில்லை. என் போனை வாங்கி ஃப்ரீசரில் வைத்தாய், அப்போதும் திறக்கவில்லை. ஜோலீன் வருவதை நிறுத்தினாள், அப்போதும்தான். அந்தச் சாவடியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்ற நான்கு நிமிடம்தான் இத்தனை நாளில் யாரும் என்னைப் பார்க்காத இடம். அங்கே நின்று ஒரே ஒரு தடவை முடியாது என்று சொன்னேன், சத்தமில்லாமல். இப்போது அதையே அட்டையில் என் பெயரோடு எழுதித் தெருவில் தூக்குகிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது, வெண்டல்.

உன் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வங்கியில் வேறொன்று எழுதி முத்திரை வாங்கினேன். வோட்டு திருடு போகவில்லை, நான் போடவில்லை என்று. ஒரு பிரதி மாநிலக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஒன்று இதோடு இருக்கிறது. கூட்டத்தின் முன்னால் நீயே படி. நீ சொன்னால் கேட்பார்கள். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு, டுவைலாவை விட்டுவிடு.

அப்புறம் நீயும் வா. கோபத்தோடு வந்தாலும் சரி.

ஆர்டித்

*

லிங்கன்
டிசம்பர் 1, 2022

ஆர்டித்,

இதை டுவைலாவின் வீட்டு முகவரிக்குப் போடுகிறேன், நீ இருக்கும் இடத்துக்கு அவள் அனுப்பிவிடுவாள். ஏன் என்று அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் வாயால் நீ கேட்க வேண்டும்.

நேற்று மதியம் மேடையேறி உன் கடிதத்தைப் படித்தேன். நம் வீட்டு விஷயத்தை விட்டுவிட்டு, வோட்டு விஷயம் மட்டும். "என் மனைவி எனக்குப் போடலை. திருட்டுன்னு ஒண்ணு நடக்கவே இல்லை. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றேன். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் அலறினாள்: "ஐயோ, அந்தம்மாவை மிரட்டி எழுத வெச்சுட்டானுங்களே!"

"இல்லைம்மா, இது அவ கையெழுத்து. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

கோல்பி மைக்கை என் கையிலிருந்து வாங்கினான். "கையெழுத்து அவங்களோடதுதான், தலைவரே. கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தது யாரு?" என்றான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முப்பது வருடம் ஏலம் போட்டவன் நான். கூட்டம் கைவிட்டுப் போனால் எனக்குத் தெரியும்.

அட்டைகளை மாற்றிவிட்டார்கள். இப்போது "ஆர்டித்தை மீட்போம்". சனிக்கிழமை விடிந்ததும் பதினொரு வண்டிகள் வெஸ்டர்லிக்குப் புறப்படுகின்றன, உன்னைக் காப்பாற்ற. இங்கே கூட்டிவந்து மேடையில் ஏற்றி, பயப்படாமல் உண்மையைச் சொல்ல வைப்பார்களாம். என் வண்டியும் அந்தப் பதினொன்றில் ஒன்று. சாவியைக் கேட்டேன். "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. போய்ப் படுங்க தலைவரே" என்றான் கோல்பி. அன்பாகத்தான் சொன்னான்.

நான்கு தெரு தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் அங்கிருந்த பெண்ணிடம் போனை இரவல் வாங்கினேன். வீட்டு எண்ணைப் பாதி அழுத்தின பிறகுதான் அந்த லைனை வெட்டச் சொன்னவன் யார் என்று உறைத்தது. ஷெரிப் ஆபீஸைக் கூப்பிட்டேன். "கொடி கட்டிக்கிட்டு ரோட்ல போறது குத்தமில்லையே, வெண்டல். கூட்டத்தைக் கூட்டினது நீங்கதானே?" என்றார்கள். அதற்குமேல் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. திட்டுவதற்காகவே மூன்று வருடமாக அடித்த எண்.

"சொல்லுங்க வெண்டல், இன்னிக்கு என்ன புகார்?" என்றாள் டுவைலா.

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் கோரஸ் ஒத்திகை இருக்கு. டேரில் சர்ச் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டான். பின்பக்கம் என் காரை நிறுத்தி வைக்கிறேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதுக்கு இப்ப நேரமில்லை. போனை வைங்க, அவங்க தேடப்போறாங்க" என்று வைத்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 1 என்ற எண்ணைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரியும். சாவடியிலிருந்து வந்து வண்டியில் ஏறினாய். "போட்டாச்சா?" என்றேன். "ஹீட்டரைப் போடு, குளிருது" என்றாய். நாற்பத்திரண்டு வருடம் உன்னோடு வாழ்ந்தவனுக்கு அது போதாதா? ஆனால் திருடன் கவுண்டி ஆபீஸில் இருக்கிறான் என்றால் நான் வீட்டுக்கு வந்து உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடலாம். திருடனே இல்லை என்றால் எப்படி உட்காருவது? அதற்காக டுவைலாவைப் பலி கொடுத்துவிட்டேன். நீ சத்தியம் செய்ய மாட்டாய் என்று தெரிந்தேதான் பத்திரத்தையும் அனுப்பினேன். செய்துவிடுவாயோ என்று ஒரு ஆசையும் இருந்தது.

உனக்காக இங்கே முந்நூறு பேர் நிற்கிறார்கள். நீ எழுதியதை நம்புகிறவன் நான் ஒருவன்தான்.

போனிலேயே டுவைலாவிடம் சொல்லிவிட்டேன், அவள் வீட்டிலும் நீ தங்கக் கூடாது என்று. ஜோலீனிடம் போ, அவள் வீடு எங்கே என்று இவர்களுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று எனக்கு எழுதாதே, ஆர்டித். எப்போதுமே எழுதாதே. உன் கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து என் தபாலைக் கோல்பிதான் பிரிக்கிறான்.

வெண்டல்