நான்கு வரியும் ஒரு கம்ப்யூட்டர் படமும்

என் ஷாமி, என்னைக் கேலி பண்ணும் உரிமை உள்ள ஒரே மச்சாளே,

உன் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு மாமா இன்னொரு நினைவு மலர் அச்சடிக்கிறார். இந்த முறையும் ஒரு பக்கம் எனக்கு. போன முறை நான் செய்ததற்குப் பிறகும் தருகிறார் என்றால், உன் அப்பாவின் பொறுமையைப் பற்றி நீ சொன்னதெல்லாம் உண்மைதான்.

போன முறை நடந்தது உனக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் மலருக்கு, நீ என்ன வேலை செய்தாய் என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி மாமா கேட்டார். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்றார். நான் நான்கு வரி கொடுத்தேன். அமைதியானவர். பண்பானவர். கணினித் துறையில் பணியாற்றினார். அவரது இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

நீயா அமைதியானவள்?

பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று அச்சகத்தில் மீதி இடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் படம் போட்டுவிட்டார்கள். முதுகு வீங்கிய பழைய திரை, வாலோடு ஒரு மௌஸ். நீ பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலர் பங்கிட்ட அன்று உங்கள் வீட்டுச் சமையலறையில் உன் பெரியம்மா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தா. “பாவம், படிச்ச புள்ள. வேலைக்கும் போகல்ல, கலியாணமும் முடிக்கல்ல. அந்த றூமுக்குள்ளயே இருந்து காலத்தப் போக்கிட்டா.” வேண்டுமென்று சொன்னதல்ல, அழுதுகொண்டே சொன்னது. மாமா வாசலில் நின்று கேட்டார். என்னைப் பார்த்தார். அதற்கான பதிலை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

ஆட்கள் கலைந்த பிறகு மலரையும் கையில் வைத்துக்கொண்டு என்னோடு வாசல் கேற்றடிவரை வந்தார். “நல்லா எழுதியிருக்காய் புள்ள. ஆனா அவ என்ன செஞ்சவ எண்டு இதுல இல்லயே.”

பிறகு சொல்கிறேன் என்றேன். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை, ஷாமி. எங்கள் கல்லடியில் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற மாமா வீட்டைக் கடக்காமல் பாலத்துக்குப் போக ஒரு சுற்று வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். சொந்தத் தாய்மாமனுக்கு ஒளித்துப் போகிற வயதா இது?

ஆகவே இப்போது சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வேறு ஆட்கள்.

எழுதுகிற புரோகிராம் ஒவ்வொன்றிலும் பிழை இருக்கும். பிழை எங்கே என்று தேட, ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க வேண்டும். ஒரு அடி எடுத்து வைக்கச் சொல்லி, திரும்ப நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தருகிற கருவிக்கு டிபகர் என்று பெயர். அதுவும் ஒரு புரோகிராம்தான். கம்ப்யூட்டரின் மூளை புரோசசர்; ஒரு வகைப் புரோசசருக்கு எழுதியது இன்னொரு வகையில் வேலை செய்யாது. உலகத்துக்கு ஒரு புதிய வகைப் புரோசசர் வந்தது. அதன் மேலேயே ஓடி, அதிலே ஓடுகிற மற்றப் புரோகிராம்களை நிறுத்திப் பார்க்கிற டிபகரை எழுதுகிற வேலை எங்களிடம் வந்தது. உனக்கும் எனக்கும், என் வீட்டு மேல்மாடி அறையில்.

அந்த அறையில் நீ காலத்தைப் போக்கவில்லை. அங்கே இருந்த கஷ்டத்தை நான்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை. டிபகரிலேயே பிழை வந்தால் அதை எதைக் கொண்டு பார்ப்பது? புதிய புரோசசரில் பார்க்கிற கருவியே அதுதானே. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எதையாவது அச்சிட வைத்து, தடவித் தடவித்தான் போனோம். “கண் டொக்டருக்கே கண் தெரியல்ல மச்சாள்” என்றாய்.

பழைய புரோசசர்களில் ஒரு அடி வைத்து நிற்கிற வசதி உள்ளேயே இருந்தது. இதில் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. அடுத்த கால் எங்கே விழும் என்று நாங்களே முன்கூட்டிக் கணித்து, அந்த இடத்தில் ஒரு தடையை வைக்க வேண்டும். கட்டளைகளிலும் சின்னது, பெரியது என்று இரண்டு அளவு. சின்னதன் மேல் பெரிய தடையை வைத்தால் பக்கத்துக் கட்டளையின் பாதி அழிந்துபோகும். அழித்தோம். ஒரு கிழமை, ஏழு நாளும் அழித்தோம்.

பிறகுதான் அந்தச் சுற்றல் வந்தது. சும்மா ஓடவிட்டால் ஒழுங்காக முடிகிற ஒரு புரோகிராம், அடி அடியாக நிறுத்திப் பார்த்தால் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. அந்தப் புரோசசரைப் பொருத்தி எங்களுக்கு வந்திருந்த சர்க்கிட் பலகையை, அந்தப் போர்டை, நான் சந்தேகப்பட்டேன். கல்லடியில் உப்புக் காற்று எதைத்தான் விட்டுவைத்தது? கேற் பிணைச்சல், மின்விசிறி, உன் சைக்கிள். போர்டிலும் உப்பு ஏறிவிட்டது, வேறொன்று அனுப்பச் சொல்லி எழுதுவோம் என்று முடிவே கட்டிவிட்டேன். அதைப் பழந்துணியால் துடைத்துக்கூடப் பார்த்தேன். நீ கதவு நிலையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாய். என் நிழலையே நான் இரண்டு தரம் டெஸ்ட் பண்ணித்தான் நம்புவேன் என்றாய்.

உன்னைக் கொண்டுபோன வருத்தம் அப்போதே உன் உடம்பில் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்களுக்கு இடையில் வந்து உட்கார்ந்தாய். ஒரு பின்னேரம் நாற்காலியை என் பக்கம் திருப்பினாய்.

“மச்சாள், பிழை போர்ட்டில இல்ல. நாம பாக்கிறதுதான் பிழை.”

புரோகிராமில் சில சிறிய துண்டுகள் இருக்கின்றன. ஓரிடத்தில் இருப்பதை வாசித்து, இடையில் வேறு யாரும் தலையிடவில்லை என்றால் மட்டும் புதியதை எழுதுவதற்காக. நாங்கள் நடுவில் நிறுத்திப் பார்ப்பதே தலையீடு. புரோசசர் எழுத மறுத்து முதலில் இருந்து தொடங்கும். நாங்கள் திரும்ப நிறுத்துவோம். அது திரும்பத் தொடங்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறவரை அது முடியவே முடியாது.

அப்படியொரு துண்டின் வாசலுக்கு வந்துவிட்டோம் என்பதை டிபகர் அறிந்துகொள்ள வேண்டும். உள்ளே எங்கும் நிறுத்தக் கூடாது. அது முடிகிற இடத்துக்கு அப்பால் தடையை வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அதை நீ எழுதினாய். எத்தனையோ பேர் கை வைக்கிற கருவியில் அந்தப் பகுதி உன்னுடையது. நீ போன பிறகு மீதியை நான் முடித்தேன். உன் பகுதியில் நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மாற்றப் பார்த்தேன், ஓம். பிழை கிடைக்கவில்லை.

இதை ஏன் அன்றைக்கே எழுதவில்லை என்று கேட்கிறாயா? தொடங்கினேன். ஒரு வரி எழுதுவேன், நிறுத்துவேன். சரியாகச் சொன்னேனா, கூட்டிச் சொன்னேனா, மாமாவுக்கு விளங்குமா, மற்றவர்கள் பெருமையடிக்கிறாள் என்பார்களா. எழுதியதை அடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவேன். ஒருவராலும் குறை சொல்ல முடியாத வரிகளாக மிஞ்சியவை அந்த நான்குதான்.

தன்னடக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பிக்கொண்டும் இருந்தேன், போன மாதம்வரை.

போன மாதம் எங்கோ ஒரு நாட்டில் இருந்து ஒருவன் எழுதியிருந்தான். தன் புரோகிராம் சுற்றிக்கொண்டே நின்றதாம், எங்கள் புதிய பதிப்பில் கடந்துபோகிறதாம், எனக்கு நன்றியாம். அந்தப் பகுதி என்னுடையதல்ல, எழுதியவள் இப்போது இல்லை என்று பதில் போட்டேன். அவன் வருத்தம் தெரிவித்துவிட்டு, விருப்பம் என்றால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டான்.

நான் சொன்னேன். ஆங்கிலத்தில், ஒரே மூச்சில், தேநீர் ஆறுவதற்குள். உப்பு, பழந்துணி, நீ நாற்காலியைத் திருப்பியது, தலைமுடி கொட்டியபோது தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தது, எல்லாம். ஒரு இடத்திலும் நிறுத்திப் பார்க்கவில்லை. அனுப்பிய பிறகு வாசித்துப் பார்த்தேன். முகம் தெரியாத ஒருவனுக்கு உன்னை முழுசாகக் கொடுத்திருந்தேன். பெற்ற தகப்பனுக்கு நான்கு வரி.

அடக்கம் அல்ல, ஷாமி. அவனுக்கு விளங்கும் என்று நினைத்தேன், மாமாவுக்கு விளங்காது என்று நினைத்தேன். உன்னைப் பெற்று, படிக்க வைத்து, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உன் பக்கத்தில் குந்தியிருந்த மனிதரைப் பற்றி அப்படி நினைத்தேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது. சுடட்டும்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் உன் தங்கச்சி நிரோவிடம் கொடுத்தேன். மாமாவுக்கு இப்போது கண் சரியில்லை, அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள். விளங்காத இடத்தில் நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டாம், கடைசிவரை வாசித்துவிடு என்று கேட்டுக்கொண்டேன். நேற்று ஃபோன் எடுத்தாள். அப்பா முழுசும் கேட்டாராம். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாராம். பிறகு அவரே ஃபோனை வாங்கினார்.

“கனக்கக் கேக்கக் கிடக்கு புள்ள. வாறியா?”

திருப்பலி முடிந்ததும் போகிறேன், ஷாமி. சுற்று வழியால் அல்ல, முன் கேற்றால். மடிக்கணினியையும் அந்தப் போர்டையும் கொண்டுபோவேன். அப்படியொரு துண்டின் வாசலில் புரோகிராமை நிறுத்திவைத்து, அடுத்த அடிக்கான விசையை மாமாவை அமத்தச் சொல்வேன். அது சுற்றாமல் அப்பால் போய் நிற்பதை, பெரியம்மா இருந்தால் அவவும் பார்க்கட்டும். மாமா கேட்பதெல்லாம் கேட்டு முடிகிறவரை எழும்ப மாட்டேன். விளங்காது என்று ஒருமுறையும் நினைக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. நான் லேசில் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

மாமி மகளாய்ப் பிறந்து, உன் பக்கத்து நாற்காலியில் இருந்த
உன் மச்சாள்,
வதனி