கழிக்காத நாற்பது சென்டிமீட்டர்

என்னங்க,

உங்களைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். விசாரணையும் முடிந்தது. “மணல் திட்டு நகர்ந்து படகு தட்டியிருக்கும்மா, யார் மேலயும் தப்பில்ல,” என்று அதிகாரி எனக்கு ஆறுதல் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்று படகிலிருந்து நான் வேலை பார்க்கும் நம் ஊர்த் துறைமுக ஆபீசுக்குக் கூப்பிட்டு, “ஒரு மணிக்கு முகத்துவாரத்துல தண்ணி எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டீர்கள். “ரெண்டே கால் மீட்டர், தாராளமா வாங்க,” என்றேன்.

“கணக்குப் புலி சொன்னா கடலே கேக்கும்,” என்று சிரித்தீர்கள்.

கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையில் இருப்பது பெரிய துறைமுகத்தின் தண்ணீர் உயரம். நம் முகத்துவாரத்துக்கு அதில் நாற்பது சென்டிமீட்டர் கழிக்க வேண்டும். பதினாறு வருஷமாகக் கழிக்கிறவள், அன்று உங்கள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கழிக்கவில்லை. உங்கள் படகுக்கு இரண்டு மீட்டராவது வேண்டும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயமில்லை. வேலை போனால் அட்டவணையும் கைக்கு வராது. எனக்குத் தினமும் அது வேண்டியிருக்கிறது.

நாளைக் காலை பத்து இருபதுக்கு முகத்துவாரத்தில் இரண்டு மீட்டர் முப்பது இருக்கும். கழித்துவிட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

வரலாம்.

உங்கள் வீட்டுக்காரி