நிரம்பாத வரிசை

அம்மாடி,

இங்கே எல்லாரும் சுகம். நான் சொல்லச் சொல்ல டீச்சரம்மா எழுதுகிறார்.

தீபாவளிக்கும் நீ வரவில்லை. மூன்று வருஷமாக ஆராய்ச்சியில் பார்த்த எண்வரிசையைச் சிம்ப்ளெக்டிக் அணியாக நிரப்ப முடியவில்லையாம், கம்பஸ் படிப்பை விடப்போகிறாயாம். உன் தங்கச்சி சொன்னாள்.

சித்திரையில் ஹாலிஎல பஸ்ஸில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. மேல் வரிசையைக் கொடுத்துவிடுவார்கள், கீழே மிச்சத்தை ஜோடி ஜோடியாகப் பொருந்தும்படி நிரப்பவேண்டும். வளையம் என்று கணக்குப் படித்த நீங்கள் சொல்லும் சில எண்கூட்டங்களில் அது நடக்கவே நடக்காது.

"கொழுந்துக் கூடை நிறையாவிட்டால் கங்காணி அரைநாள் பேருதானே போடுவான், பாதிச் சம்பளந்தானே?" என்று கேலி பண்ணினேன்.

"அந்த மலையில கொழுந்தே இல்லைன்னு காட்டிட்டா முழுப்பேருப்பா" என்றாய்.

உன் வரிசையும் நிரம்பாது என்றால் அதைக் காட்டி எழுது. அதற்குமுன், அரைப்பேரோ முழுப்பேரோ, எந்தப் பேரோடும் வீட்டுக்கு வரலாம். அம்மா உன் பாயை வெயிலில் போட்டிருக்கிறாள்.

உன் அப்பா