சப்பரம் நுழைந்த தெரு

15.8.1969, வெள்ளி இரவு

இன்று மாதா சப்பரம் முதன்முதலாகக் கீழத்தெருவுக்குள் போனது. அந்தத் தெருக்காரர்களும் நம் கோயில் சனம்தான். ஞாயிறு பூசைக்கு நமக்கு முன்னே வந்துவிடுவார்கள். ஆனாலும் அவர்கள் தெரு குறுகல், சப்பரம் நுழையாது என்று வருஷா வருஷம் முக்கிலேயே திருப்பிவிடுவோம். இன்றும் தூக்கி வந்தவர்கள் முக்கில் நின்றார்கள்.

பார்த்தால் தெரு அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் வீட்டு ஓலைக் கூரைகளின் நுனியை அவர்களே வெட்டி எடுத்திருந்தார்கள். மாதாவுக்குப் போட உப்பும் மிளகும் ஏந்திக்கொண்டு அந்தத் தெருச் சலோமி முன்னால் வந்தாள்.

"ஏன் நிக்கிறீக? இன்னமும் பத்தலைன்னா சொல்லுங்க, சுவத்தையும் இடிச்சுப்புடுறோம்" என்று சிரித்தாள்.

சப்பரத்தின் முன்கொம்பு என் பேரன் அருளின் தோளில் இருந்தது.

"நான் உள்ள திரும்பிட்டேன். பின்னாடி இருக்கவுக வாரீகளா, கீழ போடவா?" என்று காலை உள்ளே வைத்துவிட்டான். சப்பரத்தைக் கீழே போட முடியுமா? எல்லாரும் போனார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது தூறல் விழுந்தது. அருள் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பத்தா, விடியவும் நம்ம தோப்பு ஓலைய கீழத்தெருவுக்கு வண்டியில ஏத்திரவா?"

நான் சொல்லவே இல்லை, அவனாகவே கேட்டான். நம் மேலத்தெருவில் என்ன பேசுவார்களோ. பேசட்டும். விடியும்வரை மழை வலுக்காமல் இருந்தால் போதும்.