டவல் அத்தியும் பூனா அத்தியும்

கவரைப்பேட்டை

அன்பு மகள் பூமிகாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தோட்டத்து அத்தி மரங்கள் இரண்டும் நலம், அணில்கள் எங்களைவிட நலம். அங்கே ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை அன்புராஜும் வயிற்றில் உள்ள குட்டியும் நலமாக இருக்க வேண்டுமென்று கும்பிடாத நாளில்லை. போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுகிறார், அவர் சங்கதியை அவர் காது கேட்கவே எப்படிச் சொல்வது?

எல்லாம் உன்னால் வந்த வினை. பிரசவத்துக்கு யாராவது ஒருத்தர் வாங்க, வீடு சின்னது, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். நாங்கள் எங்கே பேசினோம், சண்டைதான் போட்டோம். பெற்றவள் நான்தான் போவேன் என்றேன். நீ பெத்த, நான் இன்னா வேடிக்க பாத்துக்கினா இருந்தேன் என்று எகிறினார். அது கடைசியில் அத்தி மரத்தில் போய் நின்றது. நான் வைத்தது பூனா அத்தி. அவர் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ரிட்டையர் ஆனதும் எனக்குப் போட்டியாக நர்சரியில் பிரௌன் டர்க்கி என்று ஒன்றை வாங்கி வந்து நட்டார் இல்லையா, எனக்குத் தெரிந்த டர்க்கி குளித்துவிட்டுத் துவட்டுகிற டவல்தான். டவல் அத்தி என்று பேர் வைத்தேன், இப்போது தெருவே அப்படித்தான் சொல்கிறது, அவருக்கு அதில் தீராத கோபம். உள்ளதைச் சொன்னால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. விரல் விரித்த கை மாதிரி இலை, காம்பைக் கிள்ளினால் பால், பால் பட்டால் அரிப்பு, பழுத்தால் ஒரே மாதிரி கருஞ்சிவப்பு. என்னுடையது தோல் மெல்லிசு, உள்ளே ரோஸ், சர்க்கரை. அவருடையது கொஞ்சம் பருமன், மழை பெய்தால் வெடித்துப் பல்லிளிக்கும். அவரோ, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், கண்ணக் கட்னாலும் கண்டுபுடிப்பேன் என்றார். சரி, கரெக்டா சொன்னா நீங்க போங்க, தப்பா சொன்னா நான் போறேன் என்று பந்தயம் கட்டினேன்.

பக்கத்து வீட்டுச் செண்பகம் சாட்சி. டர்க்கி டவலாலேயே அவர் கண்ணைக் கட்டினேன். இனி என் திருட்டுத்தனத்தைக் கேள், மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லாதே. என் மரத்துப் பழம் ஒன்றையே இரண்டாக அரிந்து ஊட்டினேன், எதைத் தன்னுடையது என்றாலும் தப்புதானே! முதல் துண்டை மென்று, இது உன்னுது என்றார். அடுத்ததை ரொம்ப நேரம் சப்பிவிட்டு, இது என்னுது, தேனு மாதிரி கீது என்றார். செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நான் பெட்டியே எடுத்து வைத்துவிட்டேன். சாயங்காலம் தட்டைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொல்கிறார், ரெண்டும் உன்னுதுன்னு எனக்குத் தெரியும்டி, என் மரத்துல ஒரு பழம் கூட இல்ல, காலைலயே அணிலு துன்னு தீத்துடுச்சு, வலி எடுக்கசொல்ல பொண்ணு பக்கத்துல அம்மாதான் இருக்கணும், நான் போய் இன்னா பண்ணப் போறேன் என்று. அவர் மரத்துப் பக்கமே நான் எட்டிப் பார்ப்பதில்லை, எனக்கு எப்படித் தெரியும்? குட்டிக்கென்று அவர் வாங்கி ஒளித்து வைத்திருந்த கம்பளித் தொப்பியை அவரே மடித்து என் பெட்டியில் வைத்தார். அந்தத் தொப்பி குட்டியின் கல்யாணத்துக்குத்தான் பொருந்தும், அது வேறு விஷயம்.

அதனால் சொல்கிறேன், தட்டாதே. வீடு சின்னதானால் என்ன, அடுப்படியில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வோம், டிக்கெட் இரண்டாகப் போடு. உன் யோசனை என்றே அப்பாவிடம் சொல், நான் கேட்டதாகத் தெரிந்தால் பந்தயத்தில் தோற்றவள் நானாகிவிடுவேன். கனமாக எதையும் தூக்காதே, இரும்பு மாத்திரையை மறக்காதே, அத்தி பூத்த மாதிரி இல்லாமல் அடிக்கடி போன் பண்ணு. தாயும் பிள்ளையும் வேறு வேறாகி, நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா அஞ்சம்மாள்

பாப்பா, கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி உன் அம்மா என்னிடம்தான் கொடுத்தாள். டிக்கெட் இரண்டு என்றால் ஜன்னல் சீட்டு எனக்கு. அப்பா.