பாட்டுக்குள் கரண்டியோடு வரும் அம்மா

ஆண்டவர் துணை

ஸ்காபரோ,
தவக்காலத்து நாலாம் வாரம்

அன்புள்ள மகள் ஸ்டெபனிக்கு அம்மா எழுதுவிப்பது. நாங்கள் எல்லோரும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தான் என்பது எங்களுக்குத் தெரியும். புதன்கிழமை தொண்டை நோ என்று படுத்துக்கிடந்தவள் வெள்ளிக்கிழமை ஹமில்டனில் துள்ளித் துள்ளி வயலின் வாசித்ததை வீடியோவில் பார்த்தோம். ஆகவே சுகம் விசாரிக்கவில்லை.

இதுவரை அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். இனி எழுதப்போவது நான், செலீன். அக்கா, மார்கழியில் நத்தார்ப் பண்டிகையன்று தொலைபேசியில் நடந்த சண்டைக்குப் பிறகு உங்களோடு பேசுவதில்லை என்று அம்மா சத்தியம் செய்திருக்கிறார், அதை அவர் மீறமாட்டார். வாட்ஸப்பில் அனுப்பினால் நீங்கள் வாசிக்காமலே அழித்துவிடுவீர்கள். தாள் என்றால் கிழிப்பதற்காவது கையில் எடுக்கவேண்டும். அதனால் அம்மா குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்து வெங்காயம் உரித்தபடி சொல்கிறார், நான் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழில் எழுதுகிறேன். அவர் பேசியதாக வருகிற இடங்களை மட்டும் அவர் பேசியபடியே விடுகிறேன். "நடந்ததை நடந்தபடி எழுது, ஒண்டையும் இனிப்பாக்காதை" என்று சொல்லியிருக்கிறார். இந்தத் தவக்காலத்துக்கு அம்மா இறைச்சியை விட்டிருக்கிறார், தேத்தண்ணிக்குச் சீனியை விட்டிருக்கிறார், கோபத்தை விடவில்லை. இதில் பாதிக் கோபம் என்னுடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நத்தார்ச் சண்டையை நான் திரும்பக் கிளறவில்லை. ரதி ரீச்சரிடம் அத்தனை வருடம் நிலத்தில் சம்மணம் கட்டியிருந்து கர்நாடக வயலின் பழகி, மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்க அரங்கேற்றம் செய்த பிள்ளை, கிழக்குக் கரையில் கேப் பிரெட்டன் தீவுக்கு ஆசிரியர் படிப்புக்கென்று போய், அதை முடித்துவிட்டு ஒரு ஸ்கொட்லாந்துப் பாட்டுக் குழுவில் சேர்ந்து, வயலினை நாடிக்குக் கீழே வைத்து, சப்பாத்தோடு நின்று, காலால் நிலத்தை அடித்து அடித்துச் சின்னப்பிள்ளைகளுக்கு வாசிக்கிறாள் என்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் மரியாதையில்லாமல் சொன்னார், நீங்களும் மரியாதையில்லாமல் போனை வைத்தீர்கள். அதோடு கணக்குச் சரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குக் காட்டவேண்டிய தொண்டு மணித்தியாலங்களுக்காக வெக்ஸ்போர்ட்டில் உள்ள நூலகம் ஒன்றுக்கு நான் போய்வருவது உங்களுக்குத் தெரியும். புத்தகம் அடுக்குவது, சின்னப்பிள்ளைகளுக்குப் பாய் விரிப்பது, அறிவித்தல் ஒட்டுவது எல்லாம் என் வேலை. மார்ச் விடுமுறைக்கான அறிவித்தலை ஒட்டும்போது நாலு முகங்களில் ஒன்று உங்களுடையதாக இருந்தது. கீழே ஸ்டெவி என்று போட்டிருந்தது. எங்கள் ஊருக்கே வந்து வாசிக்கப்போகிறீர்கள், எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே வேலை இடத்துக்குப் போன் எடுத்து அந்தப் புதன்கிழமைக்கு லீவு கேட்டார். சண்டை பிடிக்கவா போகிறீர்கள் என்று கேட்டேன். "லைப்ரரியில சத்தம் போடக்கூடாது எண்டு எனக்குத் தெரியும், நீ உன்ர வேலையைப் பார்" என்றார்.

நான் என் பங்குக்கு அந்தப் பாட்டுகளைப் பற்றி நூலகத்தில் இருந்த புத்தகம் ஒன்றை எடுத்து வாசித்தேன். ஈரக் கம்பளித் துணியைப் பெண்கள் மேசையைச் சுற்றியிருந்து அடித்து இறுக்கும்போது பாடிய பாட்டுகள், பால் கறக்கும்போது மாடு அசையாமல் நிற்பதற்காகப் பாடிய பாட்டுகள் என்று அதில் இருந்தது. ஆகவே நான் ஒன்றும் தெரியாமல் வந்து குற்றம் பிடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். உங்கள் குழு பாடிய பாட்டுகள் நல்ல பாட்டுகள். கடற்கரையில் தன் குட்டியைக் கூப்பிடும் கடல்நாயின் பாட்டுக்கு, ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாத பிள்ளைகள்கூட வாயைத் திறந்தபடி இருந்தார்கள். அவை நல்ல பாட்டுகளாக இருந்ததுதான் என் கோபத்தைக் கூட்டியது.

நாலு பேர் வரவேண்டிய இடத்தில் மூன்று பேர்தான் வந்தார்கள். அம்மா குளிர்க்கோட்டைக் கழற்றாமல், சின்னப்பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்டக் குந்தியிருந்து, பாட்டு நடக்கும்போதெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பிந்தி வருவீர்கள் என்று நினைத்திருக்கிறார். பிறகு உங்கள் தலைவி, அந்த வெள்ளைப் பின்னல் போட்ட மோரா, ஒரு சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மரக்கரண்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். தங்கள் வயலின்காரி ஸ்டெவி இதே நகரத்தில் வளர்ந்தவள் என்றார். அவளுடைய அம்மா விடிய ஐந்து மணிக்கு அவளை எழுப்பி வாசிக்கவைப்பாராம், பிழை விட்டால் சாப்பாடு இல்லையாம், கரண்டியால் சட்டியில் அடித்து ஒரு சொல்லைக் கத்துவாராம். தான் கரண்டியைத் தூக்கும்போது எல்லோரும் அந்தச் சொல்லைக் கத்தவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சொல் இன்னொருக்கா.

கேப் பிரெட்டனில் அதைக் கத்துகிற பிள்ளைகள் அது ஸ்கொட்லாந்துச் சொல் என்றே நினைத்திருக்கக்கூடும். இது ஸ்காபரோ, அக்கா. பாயில் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது வீட்டுச் சொல். முதல் முறை கத்தியதும் அவர்கள் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒரு சின்னப்பெட்டை திரும்பித் தாயைப் பார்த்து "அம்மா, உது நீங்கள்" என்று கத்தினாள், தாய்மார் எல்லோரும் சிரித்தார்கள். நூல் நூற்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பிக்கிடக்கும் மகளைத் தாய் ஏசுகிற பழைய பாட்டு அது, நீங்கள் நூலுக்குப் பதிலாக வயலினைப் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு அடிக்கும் மோரா இடுப்பில் கை வைத்துக் கண்ணை உருட்டுவார், அக்கோடியன்காரர் பயந்து நடுங்கி வாசிப்பார், கரண்டி எழும்பும், அறை முழுக்க இன்னொருக்கா என்று கத்தும். வரவர வேகம். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவருடைய கையைப் பார்த்தேன். கைப்பையின் வாரை விரலில் இரத்தம் ஓடாதபடி சுற்றிவைத்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் இப்படி ஒரு அம்மாவை யாருக்காவது தெரியுமா என்று மோரா கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். அம்மா எழும்பினார். அந்தச் சின்னக் கதிரையும் கோட்டில் கொழுவிக்கொண்டு கூடவே எழும்பியது, அதைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த அம்மா நான்தான் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். பிள்ளைகள் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். இதை நீங்கள் இரண்டு தரம் வாசிக்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன். எங்கள் அம்மா எழும்பி நின்று அது நான் என்று சொன்னபோது அறை முழுக்கக் கைதட்டியது.

மோரா தட்டவில்லை. சால்வையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். பதற்றத்தில், ஸ்டெவிக்குத் தொண்டை நோ, கிங்ஸ்டன் வீதி மொட்டலில் படுத்திருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரக்கூடிய தூரம். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "வயலின் வாசிக்கத் தொண்டை எதுக்கு" என்று என்னிடம் தமிழில் கேட்டார், நான் அதை மொழிபெயர்க்கவில்லை. நீங்கள் எங்களுக்குப் பயந்து வரவில்லை என்றால் அதை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். அந்தப் பாட்டை அம்மாவின் முகத்துக்கு முன்னால் பாட ஏலாது என்று தெரிந்து, அதை மற்றவர்களைப் பாடவிட்டுவிட்டு நீங்கள் மொட்டலில் இருந்தீர்கள் என்றால் அதற்குப் பேர் கோழைத்தனம். இந்தச் சொல் அம்மா சொன்னது இல்லை, நான் தேடி எடுத்துப் போட்டது.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதச் சொல்கிறார். கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மீன்கடைக்காரர் அன்புராசா, அம்மா கேட்ட அறுக்குளாவை வெட்டிக் கழுவிப்போட்டு, "அக்கா, இன்னொருக்காக் கழுவட்டோ" என்று கேட்டிருக்கிறார், பின்னால் நின்ற சனம் சிரித்திருக்கிறது. அம்மா மீனை அப்படியே விட்டுவிட்டு வந்தார், இப்போது அடுத்த பிளாஸாவில் வாங்குகிறார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பிள்ளை அம்மாவைக் கண்டு கையைத் தூக்கி அந்தச் சொல்லைக் கத்த, தாய் அதன் வாயைப் பொத்தினாள். வாயைப் பொத்தியதுதான் கத்தியதைவிட மோசம் என்று அம்மா சொன்னார். "விடப்பா, சின்னப்பிள்ளையளின்ர பாட்டுத்தானே" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். "சின்னப்பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்தாத்தான் அழியாது, அது தெரிஞ்சுதான் உன்ர மகள் அங்க போய்ச் சொல்லிக்குடுக்கிறாள்" என்று அம்மா திருப்பிக் கொடுத்தார். அப்பாவோடு பேசும்போது அம்மாவுக்கு நீங்கள் எப்போதும் உன்ர மகள்தான், இந்த வாரம் இன்னும் கூட.

மோரா நூலகத்தில் எங்கள் இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் போன் எடுத்தார். அந்தப் பாட்டை இனிப் பாடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம், சரியா என்று கேட்டார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். அம்மா சரி என்று சொல்லவில்லை. "பாட்டு அவ கட்டினதில்லை, மன்னிப்பு அவ ஏன் கேக்கிறா? பாட்டை நிப்பாட்டினாப் பாட்டில சொன்னது உண்மையெண்டு ஆகிடும்" என்றார். இப்போது இதை எழுதும்போது நான், அதில் எது பொய் என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் நான் கைக்குழந்தை, வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மெண்டில் தொட்டிலில் கிடந்தவள், சாட்சி சொல்ல ஏலாது. எனக்கும் நீங்கள் அந்தக் கதையைப் பாட்டில் இருக்கிற மாதிரியேதான் சொல்லியிருக்கிறீர்கள், நான் நம்பியிருந்தேன்.

அம்மா வெங்காயத்தையும் கத்தியையும் தள்ளி வைத்துவிட்டு அதற்குப் பதில் சொன்னார். அப்போது அவர் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. முதல் பஸ் பிடித்து விடிய வீட்டுக்கு வந்தால், தலையில் மாவோடு விழுந்து படுத்தால் போதும் என்றுதான் இருக்குமாம். ஒன்பது வயசில் நீங்கள் யாரும் எழுப்பாமல் எழும்பி, பாயை விரித்து, வயலினோடு வாசலைப் பார்த்து இருப்பீர்களாம். ரதி ரீச்சர் வாசிப்பதில் பிழைதான் பார்ப்பார், அப்பாவுக்கு இசை விளங்காது, கேட்பதற்கு அம்மா ஒருவர்தான். நீங்கள் வாசிக்க, அம்மா சுவரில் சாய்ந்தபடி கேட்டு, "நல்லாயிருக்கு பிள்ளை, காணும்" என்று கண்ணை மூடினால், நீங்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, இரண்டு விரலால் அவருடைய இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா அம்மா, இன்னொருக்காக் கேளுங்கோ" என்று சொல்வீர்களாம். அம்மாவும் இருந்து கேட்பாராம். "கரண்டியும் இல்லை, சட்டியும் இல்லை. நான் ஒரு நாளும் அவளை எழுப்பேல்லை. அவள்தான் என்னைப் படுக்க விடேல்லை. அந்தச் சொல் என்ர வாயால வந்ததில்லை, அவளின்ர வாயால வந்தது" என்றார். பிறகு வெங்காயத்தைத் திரும்பவும் எடுத்தார். கண்ணைத் துடைத்தார், அது வெங்காயத்தால் இருக்கலாம், எனக்குத் தெரியாததை எழுத நான் விரும்பவில்லை.

ஆகவே கேள்வி இதுதான், அக்கா. சுற்றி வளைக்காமல் எழுதச் சொல்கிறார். இது உங்களுக்கு மறந்துபோய்விட்டதா, அல்லது நன்றாக நினைவிருந்தும், பாட்டு நன்றாக வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஆளை மாற்றிப் போட்டீர்களா? "மறந்திருந்தாப் போகட்டும், ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன நினைவு இருக்கும். தெரிஞ்சு மாத்தியிருந்தால் இந்த வீட்டுப் படி ஏறவேண்டாம்" என்று சொல்கிறார். இதற்குப் பதிலை வாட்ஸப்பில் எழுதவேண்டாம், போனிலும் சொல்லவேண்டாம். யூன் மாதத்தில் உங்கள் குழு ரூஜ் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வருவதாக மோரா போனில் சொன்னார். அப்போது மொட்டலுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதுவரை பாட்டைப் பாடுங்கள், பாடாமல் விடுங்கள், அது உங்கள் விருப்பம். அம்மா தடுக்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு தரமும் மோரா கரண்டியைத் தூக்கும்போது உங்களுக்கு உண்மை தெரிந்திருக்கும், அதுதான் தான் தருகிற தண்டனை என்கிறார்.

கேப் பிரெட்டனில் பனி ஏப்ரலிலும் கொட்டும், காரின் குளிர்கால ரயரைக் கழற்ற அவசரப்படவேண்டாம் என்று அப்பா சொல்கிறார். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடாதே, பெரிய வெள்ளிக்குக் கட்டாயம் கோயிலுக்குப் போ என்று அம்மா சொல்கிறார். ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியையும் சுகத்தையும் தரட்டும் என்றும் சொன்னார், அந்த ஒழுங்கில்தான் சொன்னார்.

எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்திலும் திருத்தச் சொல்லவில்லை. கையெழுத்துக்காகப் பேனையைக் கொடுத்தேன். கடிதங்களில் எப்போதும் அன்புள்ள அம்மா என்றுதானே போடுவார், இம்முறை வங்கிக் காகிதத்துக்குப் போடுவதுபோல முழுப்பெயரைப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அம்மா எண்டு ஒருத்தியை அவள் ஏற்கெனவே வைச்சிருக்கிறாள். அது நானோ எண்டு அவள் வந்து சொல்லட்டும்" என்றார்.

இப்படிக்கு,
வேரோனிக்கா கஸ்பர்

எழுதியவள்,
செலீன்